உள்ளே யார், எதுவரை?

2012 ஜூலை 27. லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்திய அணி அரங்குக்குள் நுழைகிறது. மூவர்ணக் கொடியோடு மல்யுத்த வீரர் சுஷில் குமார் முன்னே வர, பின்னால் மஞ்சள் தலைப்பாகைகளும் மஞ்சள் சேலைகளும். கொடிக்குப் பக்கத்திலேயே, சிவப்புச் சட்டையும் நீல நிறக் கால்சட்டையும் அணிந்த ஒரு பெண் சிரித்தபடி நடந்து வருகிறார். அவர் யாரென்று அணியில் ஒருவருக்கும் தெரியாது. அணி நிர்வாகம் கொதித்துப்போய் விளக்கம் கேட்டது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் செபாஸ்டியன் கோ சொன்ன பதில் சுவாரசியமானது: அவர் வெளியாள் இல்லை, தொடக்க விழாக் கலைஞர் குழுவில் இருந்தவர்தான், உற்சாகம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது என்றார்.

அதாவது அந்தப் பெண் எந்த வேலியையும் தாண்டவில்லை, போலி அட்டையும் காட்டவில்லை. அரங்கத்தின் வாசலில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்திருந்தாலும் அவரைப் பார்த்துப் பச்சை விளக்குதான் எரிந்திருக்கும். அவர் நிற்க வேண்டிய இடம் வேறு, நடந்த இடம் வேறு. பெரிய நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஸ்கேனர், சிப், முகமறிதல் என்று விலைப்பட்டியல் கேட்கத் தொடங்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது. ‘நீ யார்?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த நேரத்தில் இந்தக் கதவுக்கு அப்பால் உனக்கு என்ன வேலை?’ என்பது இன்னொன்று. கருவிகள் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் விடை சொல்கின்றன.

ஒலிம்பிக் வீரர்களும் பத்திரிகையாளர்களும் கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையை உற்றுப் பார்த்தால் இரண்டாவது கேள்வி எவ்வளவு விரிவாக யோசிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். அது வெறும் நுழைவுச் சீட்டு அல்ல. பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டினால் போட்டி நடக்கும் நாட்டுக்குள் நுழைய விசாவுக்குப் பதிலாகவே செல்லும். அட்டையின் ஓரிடத்தில் எந்தெந்த அரங்கங்கள் என்ற குறியீடு. இன்னோரிடத்தில் அந்த அரங்குக்குள் எந்தெந்தப் பகுதிகள் என்ற நிறமும் எண்ணும்: ஆடுகளத்துக்கு நீலம், பணிப் பகுதிக்குச் சிவப்பு, பத்திரிகையாளர் பகுதிக்கு 4, ஒளிபரப்புக்கு 5. எழுதும் பத்திரிகையாளர் 4 என்ற எண்ணோடு எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும் ஆடுகள ஓரத்துக்குப் போக முடியாது. அவருடைய அட்டை உண்மையானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது அந்தக் கதவுக்கானது அல்ல, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் கடும் வேலை வாசலில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் முன்னதாகவே நடந்துவிடுகிறது. பாரிஸ் ஒலிம்பிக்குக்காக 2024இல் பிரெஞ்சு அரசு சுமார் 10 லட்சம் பேரின் பின்னணியை அலசி, 4,000க்கும் மேற்பட்டோரை விலக்கியது. 1972 மியூனிக்கில் இந்தக் கெடுபிடிகள் இல்லை. ஹிட்லர் காலத்து 1936 போட்டியின் நினைவை அழிக்க விரும்பிய மேற்கு ஜெர்மனி, காவலை வேண்டுமென்றே இலகுவாக வைத்திருந்தது. செப்டம்பர் 5 விடியும் முன் விளையாட்டு உடையில் பைகளோடு வந்த ஆயுததாரிகள் எட்டுப் பேர், இரண்டு மீட்டர் உயரமுள்ள கம்பி வேலியை ஏறிக் குதித்து வீரர் குடியிருப்புக்குள் போனார்கள். இரவு ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பும் வீரர்கள் வழக்கமாக ஏறும் வேலி அது. மறுநாள் விடிவதற்குள் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேரும் ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும் இறந்திருந்தனர். இன்றைய அட்டை, வேலி, மண்டலம் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நாள் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் கிரிக்கெட். சர்வதேசப் போட்டி நடக்கும் எந்த மைதானத்திலும் வீரர்கள், நடுவர்கள் இருக்கும் பகுதி தனி மண்டலம். சூதாட்டத் தடுப்புக்காக ஐசிசி வகுத்த விதி: தனி அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே போகக் கூடாது, வீரர்கள் கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும். ஐம்பதாயிரம் பேரை உள்ளே விட்ட மைதானத்தில் மிகக் கறாரான காவல் அந்தச் சில அறைகளுக்குத்தான். செஸ் போட்டிகளில் இது இன்னும் விநோதம். அங்கே ஆள் யாரென்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பதே பிரச்சினை.

அட்டையின் வடிவத்திலும் ஒரு சின்ன விஞ்ஞானம் இருக்கிறது. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் அட்டை நடக்கும்போது திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் விளம்பரம் அச்சடித்திருந்தால் காவலர் பார்ப்பது விளம்பரத்தைத்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தை அச்சடிப்பார்கள், அல்லது இரு முனையிலும் கொக்கி வைப்பார்கள். பெயரைவிடப் புகைப்படமும் மண்டல நிறமும் பெரிதாக இருக்கும். நாலைந்து அடி தள்ளி நிற்கும் காவலருக்கு, ஆள் நடையை நிறுத்தாமலே தெரிய வேண்டும். பல மாநாடுகளில் இதற்கு நேர்மாறு: ஸ்பான்சரின் சின்னம் பாதி அட்டை, ஆளின் படம் தபால்தலை அளவு.

இனி கருவிகள். மிக மலிவானது கியூஆர் குறியீடு. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா குழுவினர் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. கிரீஸ் படிந்த தொழிற்சாலையில் பயன்பட வேண்டும் என்பதால், சுமார் 30 சதவீதம் வரை அழிந்துபோனாலும் படிக்கும்படி அதில் பிழைதிருத்தக் கணக்கைப் புதைத்தார்கள். கறையைச் சமாளிக்கிற அந்தத் திறமை கள்ளத்தைச் சமாளிக்காது. கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஐந்தும் அசலே.

ஆகவே பாதுகாப்பு குறியீட்டில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே; அதே எண்ணோடு அடுத்து வருபவருக்குச் சிவப்பு. இது வேலை செய்ய எல்லா வாசல்களும் ஒரே பட்டியலைப் பார்த்தாக வேண்டும். கைப்பேசிச் சிம்மை நம்பி ஸ்கேனர்களை நிறுத்தினால், இருபதாயிரம் பேர் ஒரே டவரின் கீழ் கூடி வீடியோ அனுப்பத் தொடங்கும் நேரத்தில் இணைப்பு படுத்துவிடும். பிறகு ஒவ்வொரு ஸ்கேனரும் தன்னிச்சையாக முடிவெடுக்கும். ஒரே டிக்கெட் நாலு வாசலில் நாலு தடவை செல்லும். டிஜிட்டல் கையொப்பம் போட்ட கியூஆர் என்று விற்பார்கள். புதிதாக ஒரு டிக்கெட்டை யாரும் இட்டுக்கட்ட முடியாது என்பதற்கு அது உத்தரவாதம்தான். நகலெடுப்பதை அது தடுக்காது. நகலுக்கு மருந்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையில் மாறிக்கொண்டே இருக்கும் குறியீடு. டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2019இல் இப்படியொன்றைக் கொண்டுவந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதற்குள் காலாவதியாகிவிடும். பதிலுக்கு, பார்வையாளரின் கைப்பேசியில் சார்ஜும் அந்தச் செயலியும் இருந்தே ஆக வேண்டும். அரங்கத்துக்கு உள்ளே கம்பி வழியே தனி வலையமைப்பு போடுவது, எனக்குத் தெரிந்து, இதையெல்லாம்விட உருப்படியான செலவு.

அடுத்தது சிப் அட்டை, சிப் வைத்த கைப்பட்டை. சென்னை மெட்ரோவில் தட்டுகிறோமே, அதே 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அட்டைக்குள் பேட்டரி கிடையாது. படிப்பான் உண்டாக்கும் காந்தப்புலம் அட்டைக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சிப் கண் விழித்துப் பேசுகிறது. சில சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால்தான் இந்த உரையாடல் நடக்கும். தூரத்திலிருந்தே படிக்க வேண்டுமென்றால் ஃபாஸ்டேகில் இருப்பது போன்ற உயர் அலைவரிசை வேண்டும். அது கார் கண்ணாடியில் நன்றாக வேலை செய்யும். மனிதர் மார்பில் ஒட்டினால் தடுமாறும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அந்த அலைகளை அது விழுங்கிவிடும். ‘கூட்டம் நடந்து வந்தாலே போதும், தானாகப் பதிவாகிவிடும்’ என்று விற்பனையாளர் சொன்னால், நெருக்கியடித்து வரும் கூட்டத்தை வைத்து ஒருமுறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அருகில் தட்டும் சிப்பிலும் ஏமாற்று உண்டு. ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு வரிசை எண் உண்டு. அது ரகசியம் அல்ல. கேட்கும் எந்தப் படிப்பானிடமும் சொல்லிவிடும். பல இடங்களில் கதவைத் திறப்பது இந்த எண்ணை மட்டும் வைத்துத்தான். எண்ணைப் படித்து வேறொரு காலி அட்டையில் எழுதிக்கொள்ளும் கருவி எளிதில் கிடைக்கிறது. ஒழுங்கான முறை வேறு: படிப்பான் ஒவ்வொரு தடவையும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு புதிய எண்ணை எடுத்து அட்டைக்கு அனுப்பும். சிப் தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் அதைக் குறியாக்கம் செய்து திருப்பித் தரும். படிப்பான் தன் கணக்கோடு ஒப்பிடும். சாவி காற்றில் போவதே இல்லை. ஒட்டுக்கேட்டவனுக்குக் கிடைத்த பதில் அடுத்த தடவைக்கு உதவாது.

ஆனால் பூட்டின் கணக்கே பலவீனமாக இருந்தால்? உலகமெங்கும் கோடிக்கணக்கில் புழங்கிய மைஃபேர் கிளாசிக் சிப்பில் கிரிப்டோ-1 என்ற ரகசிய வழிமுறை, 48 பிட் சாவி. 2007 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் இருவரும் சிப்பை அடுக்கடுக்காகச் சுரண்டி, நுண்ணோக்கியில் படம்பிடித்து, உள்ளிருந்த வழிமுறையைத் தோண்டியெடுத்ததைக் காட்டினார்கள். 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேலும் விவரமாக எழுத, தயாரிப்பாளரான என்எக்ஸ்பி அதை வெளியிடக் கூடாதென்று வழக்குப் போட்டுத் தோற்றது. அதன் பிறகும் அந்தச் சிப் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே ‘சிப் அட்டையா?’ என்று கேட்டுப் பயனில்லை. எந்தச் சிப், ஏஇஎஸ் போன்ற வலுவான குறியாக்கம் உண்டா, கதவு வரிசை எண்ணைப் படிக்கிறதா சாவியைச் சோதிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அட்டையை எவ்வளவு பூட்டினாலும் உள்ளே போனவர் வேலி இடுக்கு வழியே அதை வெளியே நண்பரிடம் நீட்டலாம். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உள்ளே போனதாகப் பதிவான அட்டை, வெளியே வந்ததாகப் பதிவாகும் வரை மறுபடி உள்ளே போக முடியாது. வெளியேறும் வழியிலும் ஸ்கேனர் இருந்தால்தான் இது சரிப்படும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, சாப்பிட வெளியே போய்த் திரும்பும் ஊழியர்களை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் நிகழ்ச்சிகள் ஏராளம்.

இதுவரை சொன்னதெல்லாம் தவறான ஆளை உள்ளே விடாமலிருக்கும் வித்தை. சரியான ஆளை வெளியே காக்க வைப்பதும் அதே அளவு ஆபத்து. என்னைக் கேட்டால், உயிரைக் குடித்த கணக்கில் இதுதான் முன்னே நிற்கிறது.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். லிவர்பூல் ரசிகர்களில் நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிய 10,100 பேருக்கு லெப்பிங்ஸ் லேன் பக்கம் ஒதுக்கப்பட்டவை ஏழே ஏழு சுழல் வாசல்கள். பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி நூல், ஒரு சுழல் வாசலில் மணிக்கு அதிகபட்சம் 660 பேர்தான் போகலாம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. ஏழு வாசலுக்கு 4,620. ஒரு நிமிடமும் வீணாகாமல் சுழன்றாலும் 10,100 பேர் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் மூன்று மணிக்கு. கூட்டமோ எந்த ஊரிலும் போலக் கடைசி நேரத்தில்தான் திரண்டது. வாசலுக்கு வெளியே நசுங்கல் தொடங்கியதும், 2.52 மணிக்குப் போலீஸ் உத்தரவில் வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சுமார் 2,000 பேர் அதன் வழியே நுழைந்தனர். பெரும்பாலோர் எதிரே தெரிந்த சுரங்கப்பாதை வழியே, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் போனார்கள். அந்த வழியை யாரும் அடைத்து ஆட்களைப் பக்கவாட்டுக்குத் திருப்பவில்லை. இறந்தவர்கள் 97 பேர். டிக்கெட் இல்லாதவர்களும் குடிகாரர்களும்தான் காரணம் என்று அன்று கிளப்பிய பழியை விசாரணைகள் பின்னர் துடைத்தன. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்த யாரும் அந்த ஏழு வாசல் போதாது என்பதை முந்தின நாளே கண்டுபிடித்திருக்கலாம்.

வரிசையின் கணிதத்தை 1909இல் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கின் ஏர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்து இணைப்புகளுக்காக. அவர் வழியில் வந்த எளிய சூத்திரம் நம் உள்ளுணர்வுக்கு எதிராகப் பேசும். ஒருவரைச் சோதிக்கச் சராசரியாக ஐந்து விநாடி என்று வைத்துக்கொள்வோம். வாசல் தன் திறனில் 80 சதவீதம் பயன்பட்டால் சராசரிக் காத்திருப்பு 20 விநாடி. 95 சதவீதம் என்றால் 95 விநாடி. 99 சதவீதத்தில் எட்டு நிமிடத்தைத் தாண்டும். நூறைத் தொட்டபின் கணக்கே இல்லை, வரிசை வளர்ந்துகொண்டே போகும். ஆகவே வாசலை முழுத் திறனுக்குத் திட்டமிடுவது சிக்கனம் அல்ல.

20,000 பேர் வரும் நிகழ்ச்சி, அதில் 12,000 பேர் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறார்கள் என்போம். மணிக்கு 660, அதில் 80 சதவீதம் என்று எடுத்தால் 23 வாசல் வேண்டும். டிக்கெட்டோடு அடையாள அட்டையையும் பார்த்து ஒப்பிடலாமே என்று யாரோ ஆலோசனைக் கூட்டத்தில் சொல்கிறார். ஆளுக்கு 12 விநாடி ஆகிறது. இப்போது 50 வாசல். கூடுதல் 27 வாசலுக்கு இடமும் ஆளும் இல்லையென்றால், அந்த ஆலோசனை பாதுகாப்பைக் கூட்டவில்லை. தெருவில் ஒரு நெரிசலைத்தான் தயாரிக்கிறது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்தது ஐபிஎல் வெற்றி விழா நாளில். இலவச பாஸா, பாஸ் இல்லாமலே போகலாமா என்ற குழப்பத்தோடு, மைதானத்தின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு கூட்டம் அங்கே திரண்டிருந்தது.

முகமறிதல் இந்த விநாடிகளை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் என்இசி நிறுவனம் வீரர்கள், ஊழியர்கள், பத்திரிகையாளர்களுக்கு அமைத்த முறையில், முதலில் அட்டையைத் தட்ட வேண்டும். எந்த முகம் வர வேண்டுமென்று கருவிக்குத் தெரிந்துவிடும். எதிரே நிற்கும் முகம் அதுதானா என்று மட்டும் ஒப்பிடும். ஒன்றுக்கு ஒன்று. இதில் பிழை குறைவு. கூட்டத்தில் போகும் ஒவ்வொரு முகத்தையும் ஒரு தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிடுவது வேறு ஜாதி. 60,000 பேர், பட்டியலில் 500 பேர் என்றால் மூன்று கோடி ஒப்பீடுகள். பத்து லட்சத்துக்கு ஒரு பிழை என்ற அபாரமான துல்லியம் இருந்தாலும் 30 அப்பாவிகள்மேல் மணி அடிக்கும். உண்மையில் வந்திருக்கும் குற்றவாளிகள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். 2017இல் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியை ஒட்டித் தெற்கு வேல்ஸ் போலீஸ் இதைச் செய்து பார்த்தது. மணி அடித்தது 2,470 தடவை. அதில் 2,297 தவறு.

ஒரு மைதானத்தின் காவல் அதன் மிகப் பலவீனமான கதவளவுதான் என்பதற்கு வெம்பிளியைவிடச் சாட்சி வேண்டாம். 2021 ஜூலை 11, யூரோ கால்பந்து இறுதிப் போட்டி. டிக்கெட்டுகள் கைப்பேசியில், ஸ்கேனர்கள் தயார். சுமார் 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே போனார்கள் என்று பின்னர் வந்த கேசி விசாரணை அறிக்கை கணக்கிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான கதவுகள் வழியாகவும் அவசரக் கதவுகள் வழியாகவும் 17 தடவை கும்பல் உள்ளே புகுந்திருந்தது. அவசரக் கதவைப் பூட்டி வைக்க முடியாது. தீ விபத்தில் அது திறந்தே ஆக வேண்டும். அங்கே வேண்டியது ஆட்கள். அந்த ஆட்களின் சம்பளம் எந்தக் கருவியின் விலைப்பட்டியலிலும் வராது.

இன்னொன்று உண்டு, அது எந்த ஸ்கேனருக்கும் அகப்படாது. 2023 செப்டம்பர் 10, சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி. செல்லுபடியாகும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏராளமானவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பிறகு டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லிப் பணம் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு டிக்கெட்டும் அசலாக இருந்து, மொத்தம் மட்டும் தவறாக இருந்தால் ‘இது அசலா?’ என்று கேட்கும் கருவி பச்சையே காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இந்த நிமிடம் எத்தனை பேர், கொள்ளளவு எத்தனை என்று ஓடும் ஓர் எண், அதைப் பார்த்து வாசலை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் — இந்த இரண்டும் இல்லாத நுழைவு முறையை நான் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

மற்றபடி தேர்வு அவ்வளவு குழப்பமில்லை. பெருங்கூட்டம் நுழையும் வெளி வாசலில் கியூஆர், வேகம், நிறைய வாசல்கள். சிக்கலான டிக்கெட்டை வரிசையிலிருந்து விலக்கி அனுப்ப, வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு மேசை. வாசலிலேயே வாதாடினால் பின்னால் இருநூறு பேர் நிற்பார்கள். பல நாள் நடக்கும் விழாவுக்கு, அறுத்தால் மறுபடி ஒட்டாத கைப்பட்டை. ஊழியர், கலைஞர் பகுதிக்கு நல்ல சிப்பும் பெரிய புகைப்படமும், அதைப் பார்க்க ஒரு மனிதக் கண்ணும். மிக உள்ளே இருக்கும் இரண்டு மூன்று அறைகளுக்கு மட்டும் முகம், கைரேகை. மின்சாரம் போனால் பயன்படுத்த, பகுதிவாரியாக அச்சடித்த ஒரு பட்டியல்.

முகமும் கைரேகையும் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு தேதியையும் எழுதி வாங்க வேண்டும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த வேலைக்காகத் தரவை வாங்கினோமோ அது முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. மூன்று நாள் கண்காட்சிக்கு வந்தவர்களின் படங்கள் வாடகைக்குக் கருவி கொடுத்த நிறுவனத்தின் கணினியிலும் இருக்கும், பதிவு செய்த செயலியிலும் இருக்கும், வாலன்டியர்களின் கைப்பேசி வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும். மூன்றாவது இடத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.